வரியை வாங்கித் திருப்பிக் கொடுத்தால் என்ன மாறும்? வேரியனின் ஒரு பகுதியும் மச்சானின் பெட்ரோல் பில்லும்

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷத்துக்கு மேலாக மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவன். நாற்பதைத் தொட்டபோது ஹால் வேரியனின் 'இன்டர்மீடியட் மைக்ரோ எகனாமிக்ஸ்' புத்தகத்தை வாங்கினேன். காரணம் ரொம்ப சாதாரணம். கூகுளின் விளம்பர ஏலத்துக்குப் பின்னால் இருந்த பொருளாதார மூளை அவர் என்று எங்கோ படித்திருந்தேன். மாணவர்கள் ஒரு செமஸ்டரில் முடிக்கும் புத்தகம், எனக்கு மூன்று வருஷம் பிடித்தது.

அதில் ஸ்லட்ஸ்கி சமன்பாடு பற்றிய அதிகாரத்தில் ஒரு சின்னப் பகுதி. பெட்ரோலுக்கு வரி போட்டு, வசூலான பணத்தை மக்களுக்கே திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். முதல் தடவை படித்தபோது "இவ்வளவு அழகா ஒரு நிரூபணமா!" என்று இருந்தது. இப்போது அதே பகுதியைக் குறை சொல்லப் போகிறேன். நிரூபணத்தில் எந்தத் தப்பும் இல்லை. அதை வைத்துக்கொண்டு நான் ஒருவரிடம் பேசிய பேச்சுதான் தப்பாகப் போனது. அங்கிருந்துதான் இந்தக் குறிப்பு.

முதலில் நிரூபணம்

1973 அக்டோபரில் அரபு எண்ணெய் நாடுகள் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியை நிறுத்தின. பங்குகளில் வரிசை நின்றது. பெட்ரோல் உபயோகத்தைக் குறைக்க என்ன வழி என்ற விவாதத்தில் வந்த ஒரு யோசனை: பெட்ரோல் மேல் கனமான வரி போடலாம், ஆனால் அந்தப் பணத்தை அரசு வைத்துக்கொள்ளாமல் மக்களிடமே திருப்பித் தந்துவிடலாம். உடனே ஒரு மறுப்பும் வந்தது. "ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுத்தால், அந்தக் காசுக்கும் பெட்ரோல்தானே போடுவார்கள்? என்ன குறையும்?"

கேட்டவுடன் சரியாகத்தான் படுகிறது. வேரியன் இதை இயற்கணிதத்தில் உடைக்கிறார். நான் எண்களில் சொல்கிறேன், எண்கள் என்னுடையவை.

ஒருவருக்கு மாத வருமானம் 1,000 டாலர். பெட்ரோல் லிட்டர் 1 டாலர். அவர் 100 லிட்டர் போடுகிறார், மீதி 900 டாலரை மற்ற செலவுக்கு வைத்துக்கொள்கிறார். இது அவராகத் தேர்ந்தெடுத்தது.

இப்போது லிட்டருக்கு 50 சென்ட் வரி. விலை 1.50. அவர் உபயோகம் 80 லிட்டராகக் குறைகிறது என்று வைப்போம். வரி 40 டாலர், அது அப்படியே திரும்பி வருகிறது. கையில் 1,040. பெட்ரோலுக்கு 120 போக, மற்ற செலவுக்கு 920.

இந்த 80 லிட்டர், 920 டாலர் என்ற ஜோடியைப் பழைய விலையில் கணக்குப் போடுங்கள். 80 + 920 = 1,000. அதாவது, வரி வருவதற்கு முன்னாலேயே இதை அவர் வாங்கியிருக்க முடியும். வாங்கவில்லை, 100 லிட்டர் ஜோடிதான் பிடித்திருந்தது. ஆக, கட்டிய வரி பைசா குறையாமல் திரும்பி வந்தும் அவர் முன்பைவிடக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறார்.

சரி, அந்த மறுப்பு சொல்வது போல உபயோகம் 110 லிட்டராக ஏறினால்? வரி 55, கையில் 1,055. பெட்ரோலுக்கு 165 போக 890. பழைய விலையில் இதுவும் 110 + 890 = 1,000, அன்றைக்கு அவர் ஒதுக்கிய ஜோடி. அதே சமயம் இப்போதைய 1,055 டாலரில் அவருடைய பழைய ஜோடி, 100 லிட்டரும் 900 டாலரும், தாராளமாக வாங்கலாம். 150 + 900 = 1,050 தான் ஆகும். நேற்று பிடித்ததை இன்றும் வாங்க முடியும், ஆனால் நேற்று ஒதுக்கியதை இன்று எடுக்கிறார் என்றால், மனிதர் தனக்குத்தானே முரண்படுகிறார். அதனால் உபயோகம் ஏற முடியாது. அப்படியே நிற்கலாம், இல்லையென்றால் குறையும்.

அவ்வளவுதான். தேவை வளைகோட்டின் சரிவு எவ்வளவு, வருமானம் ஏறினால் பெட்ரோல் எவ்வளவு ஏறும் என்று ஒரு அளவீடும் தேவைப்படவில்லை. ஆள் தன் பேச்சை மாற்றிப் பேசமாட்டார் என்ற ஒரே நிபந்தனை போதும். இரண்டே இரண்டு டெஸ்ட் கேஸில் ஒரு பக் இல்லை என்று நிரூபித்தால் எங்கள் ஆட்களுக்கு வரும் சந்தோஷம் இருக்கிறதே, அது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். திரும்பி வரும் தொகை அவர் இந்த மாதம் போடும் லிட்டரைப் பொறுத்தது என்று அவர் நினைக்கக் கூடாது. எல்லோரிடமும் வசூலித்து, சமமாகப் பிரித்துக் கொடுக்கும் ஒரு நிலையான தொகையாக அது இருக்க வேண்டும். 'நீ கட்டியதை உனக்கே தருவேன்' என்றால் பங்கில் காட்டும் 1.50 வெறும் காட்சிதான், உண்மை விலை 1 டாலர். நம்மூர் கேஸ் சிலிண்டரில் 2015ல் நாடு முழுக்க வந்த பஹல் திட்டத்தின் அமைப்பு இப்படிப்பட்டது. முழு விலை கொடுத்து வாங்கு, சிலிண்டருக்கு இவ்வளவு என்று மானியம் வங்கிக்கு வரும். அதன் நோக்கம் மானிய சிலிண்டர் வேறு பக்கம் போகாமல் தடுப்பது. உபயோகத்தைக் குறைப்பது இல்லை. வாங்கினால்தான் பணம் என்பதால் குறைக்கவும் செய்யாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு காலத்தில் அவர்களில் ஒருவன்.

மச்சான் வந்தார்

இந்த யோசனை புத்தகத்தோடு நிற்கவில்லை. கனடா இதை நிஜமாகவே செய்து பார்த்தது. 2018ல் சட்டம், 2019 ஏப்ரலில் நான்கு மாகாணங்களில் எரிபொருள் வரி ஆரம்பம். ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 20 டாலரில் தொடங்கி, 2024 ஏப்ரலில் 80 டாலர் வரை ஏறியது. பெட்ரோலில் லிட்டருக்கு 4.42 சென்டாக இருந்தது 17.61 சென்ட் ஆனது. வசூலில் சுமார் 90 சதவீதம் குடும்பங்களுக்கே திரும்பப் போனது. ஆள் எத்தனை கார் ஓட்டினாலும் சரி, ஓட்டாவிட்டாலும் சரி, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதை வைத்து ஒரே தொகை. வேரியன் சொன்ன அமைப்புக்கு இவ்வளவு பக்கத்தில் வந்த திட்டம் வேறு எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை.

என் மனைவியின் அண்ணன் குடும்பம் ஒன்டாரியோவில் இருக்கிறது. வீடு ஓஷாவாவில், வேலை மிசிசாகாவில். டொரான்டோவின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தினமும் கார். 2025 பொங்கலுக்கு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்தபோது பேச்சு அங்கே போனது.

"வருஷம் ரெண்டாயிரம் டாலர் இந்தக் கார்பன் டாக்ஸ்லயே போகுது மாப்பிள்ளை" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "அதெல்லாம் திரும்பி வந்துடுது மச்சான். பார்க்கப்போனா உங்களுக்கு லாபம்தான்" என்றேன். ஏதோ தெரிந்தவன் போல மேலே சொன்ன 80 லிட்டர் கணக்கையும் ஒரு பேப்பரில் போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி. இந்த ஆளு எங்க வேலை பார்க்கிறான்? வீட்டுலேர்ந்து எவ்ளோ தூரம்?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஆள் எங்கேயும் வேலை பார்க்கவில்லை. அவர் சராசரி.

சரி, உங்கள் கணக்கையே போடுவோம் என்று உட்கார்ந்தோம். இரண்டு காருக்கும் சேர்த்து வருஷம் சுமார் 4,000 லிட்டர். லிட்டருக்கு 17.61 சென்ட் என்றால் 704 டாலர். வீட்டைச் சூடாக்கும் இயற்கை எரிவாயு சுமார் 2,200 கன மீட்டர், கன மீட்டருக்கு 15.25 சென்ட், 335 டாலர். மொத்தம் 1,040 சொச்சம். அவருக்கு வந்தது: தனக்கு 560, மனைவிக்கு 280, இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 140. ஆக 1,120.

"பார்த்தீங்களா, எண்பது டாலர் உங்களுக்கு லாபம்" என்றேன்.

அவர் போனில் ஒரு பில்லைத் திறந்து காட்டினார். அங்கே பொருட்கள் மேல் போடும் 13 சதவீத விற்பனை வரி, இந்தக் கார்பன் வரிக்கும் சேர்த்துத்தான் அப்போது கணக்கானது. வரிக்கு மேல் வரி. அதைப் போட்டால் 1,040 என்பது 1,175 ஆகிறது. அந்தக் கூடுதல் பணம் திரும்பி வரும் கணக்கில் இல்லை. எண்பது டாலர் லாபம், ஐம்பத்தைந்து டாலர் நஷ்டமாக மாறியது.

அவர் சொன்ன இரண்டாயிரமும் தப்பு, நான் சொன்ன லாபமும் தப்பு. ஆனால் அவர் தன் அனுபவத்திலிருந்து தப்பாகச் சொன்னார். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அவர் பில்லைப் பார்க்காமலே, அவருடைய வாழ்க்கையைப் பற்றி உறுதியாகச் சொன்னேன். இரண்டும் ஒன்றில்லை.

சராசரிக்குள்ளே யார் யார்?

இனி என் குறைகள். முதலாவது, அந்தப் பகுதி சராசரி நுகர்வோரோடு நின்றுவிடுகிறது. அவர் கீழே போகிறார் என்பது முடிவு. ஆனால் சராசரிக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு வேறு பதில்.

மச்சானின் நண்பர் ஒருவர் ஸ்கார்பரோவில் தனியாக வாடகைக்கு இருக்கிறார், பஸ்ஸிலும் சப்வேயிலும் போகிறவர். அவருக்கு வருஷம் 560 டாலர் வந்தது. நேரடியாகக் கட்டிய வரி அதில் ஒரு சின்னப் பங்குதான். அவருடைய பழைய வாழ்க்கையை அப்படியே வாழ்ந்து, கையில் மிச்சமும் வைத்துக்கொள்ள முடியும். அதே நிரூபண முறையை அவருக்குப் போட்டால் முடிவு நேரெதிர். அவர் நிச்சயமாக மேலே போகிறார். சராசரியைவிட அதிகம் எரிப்பவர், வரிக்குப் பிறகும் அப்படியே இருந்தால், நிச்சயமாகக் கீழே. நடுவில் இருப்பவர்களுக்கு இந்த முறையால் மட்டும் பதில் சொல்ல முடியாது.

ஒரே நிரூபணம், மூன்று விதமான மனிதர்கள். இதைச் சொல்ல அதே பகுதியில் இன்னொரு பத்தி போதும். அந்தப் பத்தி இல்லாததால் 'வரி திரும்பினாலும் மக்களுக்கு நஷ்டம்' என்று ஒருவர் படிக்கலாம். 'எல்லாம் திரும்பி வந்துடுது' என்று என்னை மாதிரி ஒருவரும் படிக்கலாம்.

அந்த மறுப்பு முழுக்கத் தப்பா?

இரண்டாவது குறை கொஞ்சம் ஆழமானது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. பலருக்கு இது தெரிந்த விஷயமாகவும் இருக்கலாம்.

ஒருவர் உபயோகம் ஏறாது என்று காட்டிவிட்டோம். அதனால் ஊர் உபயோகமும் ஏறாது என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. ஊர் என்பது ஒரே ஆளின் நகல்கள் இல்லை.

இரண்டே பேர் உள்ள ஊர். பெட்ரோல் 100 ரூபாய், வரி 10 ரூபாய். பெரியவர் 100 லிட்டர் போடுபவர், சின்னவர் 20 லிட்டர். வசூல் சுமார் 1,200, ஆளுக்கு 600 திரும்பும். பெரியவருக்கு 400 நஷ்டம், சின்னவருக்கு 400 லாபம். விலை ஏறியதற்காக இருவரும் ஆளுக்கு ஒரு சதவீதம் குறைக்கிறார்கள் என்று வைப்போம். பெரியவர் 1 லிட்டர், சின்னவர் 0.2 லிட்டர். பெரியவருக்கு 400 ரூபாய் நஷ்டம் ஒரு பொருட்டே இல்லை, அதற்காக மேலும் குறைக்கமாட்டார். சின்னவர் இவ்வளவு நாள் பணமில்லாமல்தான் வண்டியை எடுக்காமல் இருந்தார். 400ல் பாதியைப் பெட்ரோலுக்குப் போடுகிறார். 110 ரூபாய் விலையில் அது 1.8 லிட்டர்.

கூட்டிப் பாருங்கள். 1.8 ஏறியது, 1.2 இறங்கியது. ஊர் உபயோகம் 0.6 லிட்டர் ஏறிவிட்டது! யாரும் தனக்குத்தானே முரண்படவில்லை. சின்னவரின் புதிய வாழ்க்கை முன்பு அவர் கைக்கு எட்டாதது, அதனால் அதை அவர் 'ஒதுக்கினார்' என்று சொல்ல முடியாது.

ஆக அன்றைய மறுப்பில் ஒரு துளி உண்மை இருந்தது. ஆனால் அதற்கு எவ்வளவு விசித்திரமான நிபந்தனை தேவைப்படுகிறது பாருங்கள். கிடைத்த பணத்தில் பாதியைப் பெட்ரோலுக்கே போட வேண்டும். பத்தில் ஒரு பங்கு போட்டால் ஏற்றம் 0.36 லிட்டர்தான், மொத்தத்தில் ஊர் உபயோகம் 0.8 லிட்டருக்கு மேல் குறைந்துவிடும். நிஜத்தில் கூடுதலாக வரும் நூறு ரூபாயில் ஐம்பதைப் பெட்ரோலுக்குப் போடுபவர் யாரும் எனக்குத் தெரியவில்லை. அதனால் நடைமுறையில் வேரியன் முடிவு நிற்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் அது நிற்பதற்குக் காரணம் அந்த அழகான நிரூபணம் இல்லை. மக்கள் எதற்கு எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்ற, அழகில்லாத, அளந்து பார்க்க வேண்டிய தகவல். அளவீடே தேவையில்லை என்று நான் சந்தோஷப்பட்டது பாதிதான் உண்மை.

நஷ்டம் என்றால் எதற்காகச் செய்வது?

மூன்றாவது குறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சராசரி ஆள் கீழே போகிறார் என்றால் இந்த வேலையையே ஏன் செய்ய வேண்டும்? புகை, நெரிசல், வெப்பம் என்று ஒருவர் எரிப்பதால் மற்றவருக்கு வரும் கஷ்டம் குறைகிறது, அதுதான் ஆதாயம். புத்தகத்தில் அது உண்டு. ஆனால் பல அதிகாரங்கள் தள்ளி, புறவிளைவுகள் என்ற தலைப்பில். இந்த இடத்தில் ஒரு வரி சொல்லியிருந்தால் மாணவர்கள் பாதிக் கணக்கோடு வெளியே போகமாட்டார்கள்.

தெரியாமல் வந்த பணம்

கடைசிக் குறை வேரியன் மேல் இல்லை. எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சொல்லாது.

கனடாவில் ஆரம்ப வருஷங்களில் இந்தப் பணம் வருமான வரிக் கணக்கில் ஒரு வரியாகக் கழிந்துபோனது. 2022 ஜூலையிலிருந்துதான் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வங்கிக்கு வர ஆரம்பித்தது. வந்தும், பலருடைய பாஸ்புக்கில் இது என்ன பணம் என்றே புரியாத பெயரில் வந்தது. 2024ல் திட்டத்தின் பெயரையே 'கனடா கார்பன் ரிபேட்' என்று மாற்றி, அந்தப் பெயரைச் சரியாகப் போடச் சொல்லி அரசு வங்கிகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஆனால் வரியோ ஒவ்வொரு தடவை பங்குக்குப் போகும்போதும், பெரிய எழுத்து விலைப் பலகையில் கண்ணில் பட்டது. 2022ல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' இதழில் மில்டன்பெர்கர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கனடாவையும் சுவிட்சர்லாந்தையும் பற்றி எழுதியது இதைத்தான். திரும்பி வரும் பணம் திட்டத்துக்கான ஆதரவைப் பெரிதாக உயர்த்தவில்லை, பலர் தங்களுக்கு எவ்வளவு வருகிறது என்பதையே குறைத்து மதிப்பிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உபயோகத்தைக் குறைப்பது பலகையில் தெரியும் விலைதான். திரும்பி வரும் பணம் கண்ணில் படாவிட்டால், அதை நம்பி யாரும் கூடுதலாகப் பெட்ரோல் போடமாட்டார்கள். குறைப்பு இன்னும் அதிகமாகும். அதாவது பொருளாதாரக் கணக்குக்கு அந்தப் பணம் மறைந்திருப்பது நல்லது. ஓட்டுப் போடுபவருக்கோ அது தெரிந்தே ஆக வேண்டும். ஒரே ரிபேட்டை இரண்டு வேலைக்கும் வைத்தால் ஒன்று உதைக்கும்.

உதைத்தது. நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகம் நேரடிக் கணக்கில் பெரும்பாலான குடும்பங்களுக்கு வரவே அதிகம் என்றது. வேலை, முதலீடு போன்ற பாதிப்புகளையும் சேர்த்துப் போட்ட இன்னொரு கணக்கு நஷ்டம் என்றது. அந்த இரண்டாவது கணக்கில் பெரிய தொழிற்சாலைகள் மேலான கட்டணத்தின் பாதிப்பும் தவறாகச் சேர்ந்துவிட்டது என்று 2024ல் திருத்தினார்கள். அதற்குள் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த எண்ணைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். 2025 மார்ச்சில் பிரதமரான மார்க் கார்னி முதல் நாளே வீட்டு உபயோகத்துக்கான இந்த வரியைப் பூஜ்யமாக்கினார், ஏப்ரல் 1 முதல் அமல். கடைசி ரிபேட் ஏப்ரல் 22ஆம் தேதி வந்தது, வரி போன பிறகு.

அன்று ராத்திரி மச்சான் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். 302 டாலர். கீழே ஒரு வரி: "இப்பதான் பேரு கண்ணுல பட்டுச்சு மாப்பிள்ளை."

இப்போது எப்படிச் சொல்வேன்?

அந்தப் பகுதியை நான் இன்னும் விரும்புகிறேன். 'ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுப்பது வீண்' என்று யாராவது சொன்னால் இன்றும் அந்த 80 லிட்டர் கணக்கைத்தான் எடுப்பேன். விலை மாறினால் தேர்வு மாறும், பையில் உள்ள பணம் மாறாவிட்டாலும் மாறும் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வழி எனக்கு வேறு தெரியாது.

ஆனால் அது ஒரு கேள்விக்கான பதில். 'உபயோகம் குறையுமா?' என்பது அந்தக் கேள்வி. 'எனக்கு லாபமா நஷ்டமா?' என்று ஒருவர் கேட்டால் அது வேறு கேள்வி, அதற்கு அவருடைய பில் வேண்டும். வேலை எங்கே, வீடு எங்கே, பஸ் உண்டா என்று தெரிய வேண்டும். ஓஷாவாவில் வீட்டுக்கடன் கட்டுபவரிடம் '20 லிட்டர் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று விலைப் பலகை சொன்னால் அவர் அடுத்த காரை வாங்கும்போதுதான் அதற்குப் பதில் சொல்ல முடியும். ஆறு வருஷத்தில் வரியே போய்விட்டது.

போன வருஷம் இதே தளத்தில் கார்பன் வரி பற்றி எழுதிய குறிப்பில் 'சராசரிக் குடும்பத்துக்கு லாபம் என்பதால் எதிர்ப்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள்' என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் மச்சானின் கணக்கைப் போட்டிருக்கிறேன். 704, 335, 13 சதவீதம், 1,120. உங்கள் வீட்டு எண்களை வைத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.